பெஞ்சில் உட்கார்ந்தே பயிற்சியாளர் ஆவது எப்படி: டக் பீடர்சன் வழியே ஒரு விளக்கம்

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை மாற்றுவதும் ஃபீல்டரை நகர்த்துவதும் கேப்டன் கையில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் அப்படி இல்லை. யார் எங்கே நிற்பது, யார் எந்தப் பாதையில் ஓடுவது, பந்து யாருக்குப் போவது என்பதையெல்லாம் கோட்டுக்கு வெளியே ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்பவர்தான் சொல்கிறார். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி 60, 70 முறை பந்தை எடுத்து ஆடும். அத்தனை முறையும் அவர் சொல்லியாக வேண்டும். அதனால் அங்கே நல்ல ஆட்டக்காரராக இருப்பதும் நல்ல பயிற்சியாளராக இருப்பதும் வெவ்வேறு தொழில்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக விரும்புகிறவர் ஏணியின் கடைசிப் படியில் இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள டக் பீடர்சனின் கதை நல்ல பாடம். 1991 முதல் 2004 வரை என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) அணிகளில் இருந்தவர், அத்தனை ஆண்டுகளில் முதல் ஆட்டக்காரராகக் களமிறங்கியது 17 ஆட்டங்களில் மட்டும். பின்னாளில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு அதன் முதல் சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) கோப்பையை வாங்கித் தந்த தலைமைப் பயிற்சியாளரும் இவரே.

முதலில் ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மைதானம் 100 யார்டு நீளம், அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு ‘டவுன்’. நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் நான்காவது டவுனில் பெரும்பாலான அணிகள் பந்தைத் தூர உதைத்துவிடும், அல்லது கம்பங்களுக்கு இடையே உதைத்து 3 புள்ளி எடுக்கும், இது ‘ஃபீல்ட் கோல்’. எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் 1 புள்ளி கூடும். உதைக்காமல் 2 யார்டு தூரத்திலிருந்து இன்னொரு முறை உள்ளே கொண்டுபோனால் 2 புள்ளி கூடும். ஏறக்குறைய எல்லாப் பந்தும் முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் கைக்கு. எறிவதா, ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிக்கிறவர் அவர்.

மாற்று ஆட்டக்காரருக்கு என்ன வேலை?

அணியில் ஒரு குவார்ட்டர்பேக் ஆடுவார், ஓரிருவர் காத்திருப்பார்கள். வாரப் பயிற்சியில் ஏறக்குறைய எல்லா வாய்ப்பும் ஆடப்போகிறவருக்கே. காத்திருப்பவர் பின்னால் நின்று, சொல்லப்படும் ஒவ்வொரு பிளேயையும் (பந்து ஒருமுறை கிளம்பி நிற்கும்வரை யார் என்ன செய்வது என்ற திட்டம்) மனதுக்குள் ஆடிப்பார்க்க வேண்டும். எதிரணி எப்படி நிற்கிறது, முதலில் பந்து பிடிப்பவர்களில் யாரைப் பார்ப்பது, அவர் மறிக்கப்பட்டால் அடுத்து யார் என்பதெல்லாம் பந்தைத் தொடாமலேயே நடக்கும். கை பழகாமல் கண்ணும் மூளையும் மட்டும் பழகும். ஆட்டக்காரருக்கு இது இழப்புதான், வருங்காலப் பயிற்சியாளருக்கோ இதுவே பள்ளிக்கூடம்.

இன்னொரு வேலையும் உண்டு, அதை வெளியாட்கள் கவனிப்பதில்லை. பயிற்சியில் நம் தடுப்பாளர்களுக்கு எதிரே, வரும் ஞாயிறு மோதப்போகும் அணியைப் போலவே யாராவது ஆடிக்காட்ட வேண்டும். அந்தப் போலி எதிரணியை நடத்துவது மாற்றுக் குவார்ட்டர்பேக். வாரத்துக்கு ஒரு அணி வீதம் அடுத்தவர்களின் பிளேக்களை அட்டையில் பார்த்து ஓட்டிக்கொண்டே இருப்பார். பத்து ஆண்டுகள் இப்படிப் போனால், லீகில் யார் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பது உடம்பில் ஏறிவிடும்.

பீடர்சனுக்கு வாய்த்த இடங்களும் அப்படிப்பட்டவை. வடகிழக்கு லூசியானா பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்தவரை வருடாந்திரத் தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. மயாமி டால்ஃபின்ஸில் டேன் மரினோவுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். 1993 அக்டோபரில் மரினோவின் குதிகால் நாண் அறுந்தது. நவம்பர் 14 அன்று பிலடெல்பியாவில் அடுத்தவரான ஸ்காட் மிட்செலும் காயப்பட, பீடர்சன் உள்ளே போனார். மயாமி 19-14 என்று வென்றது. பயிற்சியாளர் டான் ஷூலாவுக்கு அது 325-வது வெற்றி. ஜார்ஜ் ஹாலஸின் 324 என்ற சாதனை அன்று முறிந்தது.

பிறகு கிரீன் பே பேக்கர்ஸ். 1996 முதல் 1998 வரையும், மறுபடி 2001 முதல் 2004 வரையும் அங்கே பிரெட் ஃபாவ்ருக்கு மாற்றாக இருந்தார். ஃபாவ்ர் காயத்தோடும் ஆடுகிறவர். தொடர்ந்து 297 லீக் ஆட்டங்களில் களமிறங்கியவர். அவருக்குப் பின்னால் ஏழு பருவங்கள் உட்கார்ந்த பீடர்சனுக்குத் தொடக்க வாய்ப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஃபீல்ட் கோல் உதைக்கும்போது பந்தைப் பிடித்து நிறுத்தும் வேலை மட்டும் வாய்த்தது. சுமார் ஏழு யார்டு பின்னால் முழங்காலிட்டு, பறந்து வரும் பந்தைப் பிடித்து, தையல் கோலை நோக்கி இருக்கும்படி திருப்பி நிறுத்த வேண்டும். தையல் உதைப்பவரின் காலைப் பார்த்து இருந்தால் உதை கோணலாகும். பந்து கிளம்பியதிலிருந்து கால் படுவது வரை எல்லாம் ஒன்றேகால், ஒன்றரை நொடிக்குள் முடியும்.

கிரீன் பேயில் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஹோம்க்ரென். 1997, 1998 பருவங்களில் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சியாளர் ஆண்டி ரீட். 1999-ல் ரீட் ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் பீடர்சனைக் கூடவே அழைத்துப் போனார். அவருடைய முறையை முழுசாக அறிந்த ஒருவர் களத்தில் நின்று, புதிதாக எடுத்த இளைஞர் டோனவன் மெக்நாப் தயாராகும்வரை அணியை ஓட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பீடர்சன் ஒன்பது ஆட்டங்களைத் தொடங்கினார், வென்றது இரண்டு. சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். பிறகு இடத்தை மெக்நாபுக்கு விட்டுக்கொடுத்தார். ஆட்டக்காரர் என்ற கணக்கில் அது தோல்வி. ரீட் பார்த்தது வேறு: திட்டுக்கு நடுவே தனக்குப் பதிலாக வரப்போகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆளை.

பிளேயின் பெயரே ஒரு பாடம்

ஹோம்க்ரென், ரீட், பீடர்சன் மூவரும் பயிற்சியாளர் பில் வால்ஷ் வளர்த்தெடுத்த ‘வெஸ்ட் கோஸ்ட்’ முறையின் வாரிசுகள். குறுகிய தூரத்துக்குத் துல்லியமாக, காலடிக் கணக்கோடு எறிவது அதன் அடிப்படை. குவார்ட்டர்பேக் மூன்று அடி பின்வாங்கினால் ஒரு வகை ஓட்டம், ஐந்து அடி என்றால் வேறு வகை. கடைசி அடி தரையில் ஊன்றும்போது பந்து பிடிக்க வேண்டிய முதல் ஆள் திரும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே இரண்டாமவரைப் பார்க்க வேண்டும். காத்து நின்றால் தடுப்பாளர் வந்து சாய்த்துவிடுவார்.

இந்த முறையில் புகழ்பெற்ற ஒரு பிளேயின் பெயர் ‘ஸ்பைடர் 2 ஒய் பனானா’. கேலியாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒருவருக்கான உத்தரவு. ‘ஸ்பைடர் 2’ முன்வரிசைக்கு: ஓடப்போவதுபோல் பாவனை காட்டி, குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டும். ‘ஒய்’ என்பது டைட் எண்ட், முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர். ‘பனானா’ என்றால் அவர் வாழைப்பழம் போல வளைந்து ஓட வேண்டும். சாதாரணப் பிளேயில் இதோடு அணி நிற்கும் வடிவம், பந்து கிளம்புமுன் யார் இடம் மாறுவது என்பதெல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு சொல் நீளும்.

அதைச் சொல்ல நேரம் எவ்வளவு? ஒரு பிளே முடிந்து அடுத்தது தொடங்க 40 நொடி. குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் 1994 முதல் வானொலி உண்டு. பேச்சு ஒருவழி, கடிகாரம் 15-ஐத் தொட்டதும் அறுந்துவிடும். ஆகப் பயிற்சியாளருக்கு 25 நொடி. அதற்குள் போன பிளே எத்தனை யார்டு என்று பார்த்து, கையிலுள்ள பிளே பட்டியலில் தேடி, ஆட்களை மாற்றி, சொல்லி முடிக்க வேண்டும். குவார்ட்டர்பேக் அதைக் கேட்டு மற்ற பத்துப் பேருக்கு ஒப்பிக்க வேண்டும். தாமதமாகச் சொன்னால் வரிசைக்கு வந்து எதிரணியைப் படிக்க நேரமிருக்காது. நேரம் தாண்டினால் 5 யார்டு தண்டனை. புதிய பயிற்சியாளர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஹெல்மெட்டுக்குள் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவருக்கு, எவ்வளவு சொன்னால் போதும் என்பது தெரியும்.

கடைசிப் படியிலிருந்து

ஓய்வு பெற்றதும் பீடர்சன் என்.எஃப்.எல். கதவைத் தட்டவில்லை. 2005-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் கால்வரி பாப்டிஸ்ட் அகாடமி என்ற பள்ளிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். நான்கு பருவங்கள் அங்கே இருந்தார். பள்ளியில் ஆள் குறைவு, ஒரே பையன் தாக்குதலிலும் தடுப்பிலும் ஆடுவான். பிளேபுக்கைச் சுருக்கி, பதினைந்து வயதுப் பையனுக்குப் புரிகிற சொல்லில் சொல்லியாக வேண்டும். முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் தடுக்கி விழுவது இதில்தான். தங்களுக்கு இயல்பாக வந்ததைப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை.

2009-ல் ரீட் அவரைத் திரும்பக் கூப்பிட்டார். கொடுத்த பதவி ‘ஆஃபென்சிவ் குவாலிட்டி கண்ட்ரோல் கோச்’. பெயர் பெரியது, வேலை எடுபிடி வேலை. எதிரணியின் அண்மை ஆட்டங்கள் நாலைந்தின் காணொளியை எடுத்து, ஒவ்வொரு பிளேயையும் நிறுத்திக் குறிக்க வேண்டும்: எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு, பந்து மைதானத்தின் எந்தப் பக்கம், எந்த ஆட்கள், எந்த வடிவம், என்ன முடிவு. ஆட்களையும் எண்ணால் குறிப்பார்கள். ‘11’ என்றால் ஓட்டக்காரர் ஒருவர், டைட் எண்ட் ஒருவர், மீதி மூவர் பந்து பிடிப்பவர்கள். பிறகு போலி எதிரணிக்கான அட்டைகளைத் தடித்த மார்க்கரால் வரைய வேண்டும். மற்றவர்கள் இந்த ஞாயிறைப் பற்றி யோசிக்கும்போது இவர் அடுத்த ஞாயிறின் எதிரணியில் இருப்பார்.

இங்கே நடக்கும் தவறு எண்ணிக்கையில் வருவது. நான்கு ஆட்டங்களில் ‘மூன்றாவது டவுன், 2 யார்டு’ என்ற நிலை ஆறேழு முறைதான் வந்திருக்கும். அதில் ஐந்து முறை எதிரணி பாய்ந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது சதவீதத்துக்கு மேல் என்று அறிக்கையில் எழுதினால் பார்க்க உறுதியாக இருக்கும். ஒரே ஒரு பிளேயைத் தவறாகக் குறித்திருந்தாலும் அந்தச் சதவீதம் சரிந்துவிடும். நல்ல உதவியாளர் சதவீதத்தோடு எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுவார்.

பெயர் பெற்ற ஆட்டக்காரருக்கும் இந்தப் படியில் விலக்கு இல்லை. 2006-ல் லீகின் சிறந்த புதிய தடுப்பாளர் விருது வாங்கிய டிமீகோ ரையன்ஸ், 2017-ல் சான் பிரான்சிஸ்கோவில் இதே குவாலிட்டி கண்ட்ரோல் நாற்காலியில்தான் தொடங்கினார். 2023-ல் ஹூஸ்டனின் தலைமைப் பயிற்சியாளர். இன்னொரு பக்கம், ஆண்டி ரீட் என்.எஃப்.எல்.-இல் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. பழைய புகழ் முதல் நேர்காணல் வரைக்கும் உதவும், அவ்வளவுதான்.

பீடர்சன் 2011-ல் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் ஆனார். 2013-ல் ரீடோடு கன்சாஸ் சிட்டிக்குப் போய் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பாளர். கோஆர்டினேட்டர் வாரத்தைக் கூறு போடுகிறவர். திங்களன்று போன ஆட்டத்தின் அலசல். செவ்வாயன்று ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை, பயிற்சியாளர்களுக்கு நள்ளிரவு வரை திட்டம். புதனன்று முதல் இரண்டு டவுன்களுக்கான பிளேக்கள், வியாழனன்று மூன்றாவது டவுன், வெள்ளியன்று எல்லைக்கு அருகே ஆடவேண்டியவை, சனியன்று நடந்து பார்க்கும் ஒத்திகை. அணிக்கு அணி சற்று மாறும், சட்டகம் இதுதான்.

அங்கே ஒரு சறுக்கலும் நடந்தது. 2016 ஜனவரியில் நியூ இங்கிலாந்துடனான நாக் அவுட் ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் கன்சாஸ் சிட்டி 14 புள்ளி பின்தங்கியிருந்தது. இரண்டு டச்டவுன் வேண்டும் என்றால் முதலாவதை அவசரமாக எடுக்க வேண்டும். இவர்களோ ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழித்து, 1:13 மிச்சமிருக்கும்போது எடுத்தார்கள். ஆட்டம் 20-27 என்று போனது. அடுத்த சில நாட்களில் ஈகிள்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தபோது செய்தியாளர்கள் அதைத்தான் கிளறினார்கள்.

2017: மாற்று ஆட்டக்காரர்களின் ஆண்டு

முதல் பருவத்தில் 7 வெற்றி, 9 தோல்வி (7-9). அடுத்ததில் 13-3. ஆனால் 2017 டிசம்பர் 10 அன்று நட்சத்திரக் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. பிளேஆஃப் என்ற நாக் அவுட் சுற்றின் வாசலில் நிக் ஃபோல்ஸ் என்ற மாற்று ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு நிற்க வேண்டிய நிலை. தலைமைப் பயிற்சியாளரும் மாற்றுக் குவார்ட்டர்பேக்காக வாழ்ந்தவர். கோஆர்டினேட்டர் ஃபிராங்க் ரைக்கும் அப்படியே. 1993 ஜனவரியில் பஃபலோவுக்காக மாற்றாக இறங்கி, 3-35 என்று கிடந்த ஆட்டத்தை 41-38 என்று மீட்டவர் ரைக். இப்படி மூவர் ஒரே அறையில் அமைவது கதை எழுதினால் நம்ப மாட்டார்கள்.

அவர்கள் செய்தது எளிய காரியம். வென்ட்ஸுக்காக எழுதிய திட்டத்தை ஃபோல்ஸ் மேல் திணிக்கவில்லை. 27 டச்டவுன் எறிந்து 2 முறை மட்டும் பந்தை எதிரணியிடம் பறிகொடுத்த 2013 பருவத்தின் காணொளியை எடுத்து, அவருக்குப் பிடித்தது எது என்று பார்த்தார்கள். ஓட்டமா எறிதலா என்பதை ஒரே ஒரு தடுப்பாளரின் அசைவைப் பார்த்து அந்த நொடியில் முடிக்கும் பிளேக்களை அதிகமாக்கினார்கள். மினசோட்டாவை 38-7 என்று வீழ்த்திய அரையிறுதியில் ஃபோல்ஸ் 352 யார்டு எறிந்தார்.

2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ், நியூ இங்கிலாந்துக்கு எதிரான இறுதி ஆட்டம். முதல் பாதி முடிய 38 நொடி, 15-12 முன்னிலை, நான்காவது டவுன், எல்லைக்கு ஒரு யார்டு. வழக்கம் 3 புள்ளியை உதைத்து எடுப்பது. கணக்கு வேறு சொல்கிறது. தோற்றாலும் எதிரணிக்குப் பந்து கிடைப்பது அவர்களுடைய சொந்த ஒரு யார்டுக் கோட்டில், அதுவும் அரை நிமிடத்தோடு. இழப்பு சிறிது, வரவு 7 புள்ளி.

‘பிலி ஸ்பெஷல்’ என்ற பிளேயைச் சொன்னார்கள். ஃபோல்ஸ் முன்வரிசையிடம் ஏதோ சொல்லப்போவதுபோல் நடந்தார். பந்து அவருக்கு வராமல் நேரே கோரி கிளெமென்ட் கைக்குப் போனது. கிளெமென்ட் இடப்பக்கம் ஓடி, எதிரே வந்த ட்ரே பர்ட்டனிடம் தள்ளினார். பர்ட்டன் டைட் எண்ட், பள்ளிக்காலத்தில் குவார்ட்டர்பேக். வலது மூலையில் காவலின்றி நின்ற ஃபோல்ஸுக்கு அவர் எறிந்தார், டச்டவுன். இந்தப் பிளே முந்தைய ஆண்டு சிகாகோ ஆடியது. வித்தைப் பிளேக்களைக் காணொளிகளிலிருந்து சேகரித்து வைப்பது உதவிப் பயிற்சியாளர் பிரஸ் டெய்லரின் வேலை. கடைசிப் படி வேலையின் பலன் உச்சத்தில் தெரிந்த இடம் இது.

என் மதிப்பில் அதைவிடப் பெரிய முடிவு நான்காம் கால்பகுதியில் வந்தது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 32-33 என்று பின்தங்கல், 5:39 மிச்சம், நான்காவது டவுன், ஒரு யார்டு தேவை, பந்து தங்கள் பாதியிலேயே 45-ல். உதைத்துவிட்டால் நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியிடம் பந்து போகும். அன்று 505 யார்டு எறிந்த பிரேடியை அவர்களால் நிறுத்தவே முடியவில்லை. ஆடினார்கள். ஸாக் எர்ட்ஸ் 2 யார்டு பிடித்தார். அதே தொடரில் அவரே டச்டவுனும் போட்டார். 41-33. ஆட்டக்காரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் சூப்பர் பவுல் வென்ற நான்காமவர் ஆனார் பீடர்சன். அவருக்கு முன் டாம் ஃப்ளோரஸ், மைக் டிட்கா, டோனி டங்கி. ஃப்ளோரஸும் மாற்றுக் குவார்ட்டர்பேக்காக இருந்தே சூப்பர் பவுல் வெற்றி மோதிரம் வாங்கியவர்.

வெற்றிக்குப் பின் என்ன கெடுகிறது?

ஜெயித்த அணியின் உதவியாளர்களை மற்ற அணிகள் கொத்திக்கொண்டு போகும். ரைக் சில நாட்களில் இண்டியானாபொலிஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் ஜான் டிஃபிலிப்போ மினசோட்டாவுக்குப் போனார். வென்ட்ஸின் காலடியைத் தினம் திருத்திய இருவரும் ஒரே மாதத்தில் இல்லை. 2020-ல் வென்ட்ஸ் 12 ஆட்டங்களில் 15 முறை பந்தைப் பறிகொடுத்தார், 50 முறை சாய்க்கப்பட்டார். அணிக்கு 4 வெற்றி, 11 தோல்வி, ஒரு சமன். மூன்று ஆண்டுகளுக்கு முன் கோப்பை தந்தவரை 2021 ஜனவரி 11 அன்று வேலையிலிருந்து எடுத்தார்கள்.

2022-ல் ஜாக்சன்வில். முந்தைய ஆண்டு 3-14 என்று கிடந்த அணி 9-8 ஆனது. சார்ஜர்ஸுடனான நாக் அவுட் ஆட்டத்தில் 0-27 என்று பின்தங்கி 31-30 என்று வென்றது. அங்கேயும் ஒரு கணக்குப் பாடம் உண்டு. 26-30 என்றிருந்தபோது, ஒரு புள்ளி உதைத்தால் 27; பின்னால் ஒரு ஃபீல்ட் கோல் சமன்தான் செய்யும். இரண்டு புள்ளி எடுத்தால் 28. அதே ஃபீல்ட் கோல் ஜெயித்துவிடும். எதிரணி ஆட்டக்காரரின் ஒழுங்கீனத் தண்டனையால் பந்து 2 யார்டிலிருந்து ஒரு யார்டுக்கு வந்ததும் பீடர்சன் உதைக்காமல் இரண்டுக்குப் போனார், கிடைத்தது. கடைசி நொடியில் ஃபீல்ட் கோல்.

2023-ல் 8-3 என்று ஓடிய அணி கடைசி ஆறில் ஐந்தைத் தோற்றது. 2024-ல் 4-13. 2025 ஜனவரி 6 அன்று அங்கிருந்தும் அனுப்பினார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் போனால் அவர் கொண்டுவந்த உதவியாளர்களில் பெரும்பாலோரும் போக வேண்டியதுதான், அட்டை வரைகிறவர் உட்பட. அதனால் இந்தத் தொழிலில் நுழைகிற முன்னாள் ஆட்டக்காரர் பதவியின் பெயரைப் பார்ப்பதைவிட, யாருக்குக் கீழே சேர்கிறோம், அவருடைய நாற்காலி எத்தனை பருவம் தாங்கும் என்று பார்த்துச் சேர்வார். பீடர்சனை ரீட் மூன்று முறை மூன்று வெவ்வேறு வேலைகளுக்குக் கூப்பிட்டார்: 1999-ல் ஆட, 2009-ல் அட்டை வரைய, 2013-ல் தாக்குதலை நடத்த.